கோர்ட்டுக்கு வரும்போது அணைந்துவிடும் விளக்கு

“புகார்தாரர் கூறும் பழுது எங்கள் பணிமனையில் ஒருமுறைகூடத் தென்படவில்லை.” எதிர்தரப்பு தாக்கல் செய்த பதிலுரையின் நான்காவது பத்தி இவ்வளவுதான். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் நடத்திய அந்த வழக்கு முழுவதும் இந்த வரியைச் சுற்றியே நடந்தது. பணிமனைக்காரர்கள் அதில் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அந்தப் பழுது உண்மையிலேயே தென்படவில்லை. என் கட்சிக்காரர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே காரில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று ஆணையத்துக்குக் காட்டுவதுதான் என் வேலையாக இருந்தது.

கட்சிக்காரர் மாமல்லபுரத்து டாக்சி ஓட்டுநர். கொக்கிலமேடு பக்கம் வீடு, கடலிலிருந்து கூப்பிடு தூரம். சொந்த வண்டி, தானேதான் ஓட்டுவார். பழைய வண்டியாக வாங்கியது, என்னிடம் வரும்போது அதற்குப் பதினோரு வயது. இந்தியாவில் கார்களுக்கு ஏ.பி.எஸ். முழுமையாகக் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்களில் விலை கூடிய ரகங்களில் மட்டும் அது இருக்கும். இவருடையது அப்படி ஒன்று. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றுகிறவர், பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று தேடிப்பிடித்து வாங்கியிருந்தார்.

அந்த வண்டியின் மீட்டர் போர்டில் ஏ.பி.எஸ். என்று எழுதிய மஞ்சள் விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது.

“காட்டலாம்னு வண்டியை எடுத்துட்டு செங்கல்பட்டு வந்தா வராது சார். திரும்பி ஊருக்குப் போனா மறுநாள் காலையில வரும். ஷெட்டுல என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க.”

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில் கரையைக் கடந்தது. அதன் பிறகு அந்த விளக்கு பல நாள் விடாமல் எரிந்தது. பயந்துபோய் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு பெரிய பணிமனையில் வண்டியை விட்டார். ஏ.பி.எஸ். மாட்யூல் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றி, ஐம்பதாயிரத்தைத் தாண்டிய பில்லைக் கையில் கொடுத்தார்கள். கடன் வாங்கிக் கட்டினார். தை பிறந்ததும் விளக்கு மறுபடி வந்தது. கொண்டுபோய்க் காட்டியபோது, வழக்கம்போல, வரவில்லை. கோடையில் அது முற்றிலும் நின்றது. சரியாகிவிட்டது என்றே நம்பினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த வாரத்தில் திரும்பவும் எரிந்தது. அப்போதுதான் என் அலுவலகத்துக்கு வந்தார்.

வழக்கைப் பேசுமுன் அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏ.பி.எஸ். என்பது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு. 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஒரு சென்சார் இருக்கும். பழைய வண்டிகளில் அது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த சிறு பொருள். எதிரே பல் வெட்டிய வளையம் சக்கரத்தோடு சுழலும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சிறிய மின்துடிப்பு உண்டாகும். துடிப்புகளை எண்ணி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் மாட்யூல் ஒப்பிடும். அழுத்திப் பிரேக் போடும்போது ஒரு சக்கரம் மட்டும் சட்டென நிற்கப் பார்த்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும். சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் ஸ்டீயரிங் நம் சொல் கேட்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழை நேரத்தில், ஓரத்து மணல் சாலைக்கு வந்து கிடக்கும்போது, மாடு குறுக்கே வந்தால், அதைச் சுற்றித் திருப்பிப் போக முடிவதும் முடியாமல் போவதும் இதைப் பொறுத்தது.

சாவியைத் திருப்பியதும் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. ஓட்டும்போது எரிந்தால், நான்கில் ஒரு சக்கரத்தின் செய்தியை நம்ப முடியவில்லை, அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று மாட்யூல் சொல்வதாகப் பொருள். சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். மஞ்சளோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு: வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் இந்த வழக்கின் உயிர். பெரும்பாலான வண்டிகளில், ஓடும்போது ஒரு கணம் செய்தி அறுந்தாலும் இன்ஜினை நிறுத்தும்வரை விளக்கு எரிந்தபடி இருக்கும். நிறுத்தி மறுபடி கிளப்பினால் சோதனை புதிதாகத் தொடங்கும். கோளாறு அந்நேரம் இல்லையென்றால் விளக்கு அணைந்துவிடும். மாட்யூலின் நினைவில் மட்டும் கோளாறு எண் ஒன்று பதிந்திருக்கும்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். எங்கள் ஆள் அங்கே டீ குடிக்க நிறுத்துவார். அதற்குள் வெயில் ஏறி, வீல் ஆர்ச்சுக்குள் இருந்த ஈரம் காய்ந்திருக்கும். வண்டியைக் கிளப்பினால் விளக்கு இருக்காது. இந்தச் சின்ன விஷயம் பிடிபட எனக்குப் பல வாரமாயிற்று. பிடிபட உதவியது அவருடைய டிரிப் நோட்டு.

எல்லா டாக்சிக்காரர்களையும்போல அவரும் நோட்டு எழுதுகிறவர். தேதி, புறப்பட்ட நேரம், கிலோமீட்டர், டோல், டீசல், பேட்டா. விளக்கு எரிந்த டிரிப்புக்கு எதிரில் ஒரு வட்டம் போட்டிருந்தார். மெக்கானிக்கிடம் சொல்வதற்காகப் போட்டது. எந்த மெக்கானிக்கும் கேட்கவில்லை. மூன்று ஆண்டு நோட்டுகளையும் வாங்கி, என் ஜூனியரோடு உட்கார்ந்து மாதவாரியாகப் பிரித்தேன். முதல் வட்டம் 2021 வடகிழக்குப் பருவமழையில். வட்டங்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் மாசி வரை, அதிலும் விமான நிலையத்துக்கு அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பிய டிரிப்புகளில். நண்பகல் டிரிப்புகளில் அரிது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்த நாட்களில் இவர் தூங்காமல் வண்டி ஓட்டியிருக்கிறார். அந்தப் பக்கங்களில் வட்டமே இல்லை.

இந்த வெற்றுப் பக்கங்கள்தான் பின்னால் எனக்குப் பெரிய ஆயுதமாயின. எதிர்தரப்பின் வலுவான வாதம் இதுதான்: “மாட்யூலை மாற்றினோம்; அடுத்த கோடை முழுதும் புகாரே இல்லை; ஆகவே பழுது மாட்யூலில்தான் இருந்தது.” கேட்டால் நியாயமாகவே தோன்றும். ஆனால் மாட்யூல் மாற்றுவதற்கு முந்தைய கோடையிலும் விளக்கு எரியவில்லையே! 2022 கோடையில் பழைய மாட்யூல் இருந்தது, விளக்கு வரவில்லை. 2023 கோடையில் புது மாட்யூல் இருந்தது, அப்போதும் வரவில்லை. கோடை குணப்படுத்தியதற்குப் பணிமனை பில் போட்டிருந்தது.

நோட்டைச் சாட்சியமாகக் கொண்டுவருவதில் கவனம் வேண்டியிருந்தது. தொழில் போக்கில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் பதிவுகள் சாட்சியத்தில் ஏற்கத்தக்கவை என்று அன்றைய சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. அவை மட்டுமே ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றும் சொன்னது. நுகர்வோர் ஆணையம் அந்தச் சட்டத்துக்கு எழுத்துக்கு எழுத்துக் கட்டுப்பட்டதல்ல. இருந்தாலும், வழக்குப் போட முடிவுசெய்தபின் உட்கார்ந்து எழுதிய நோட்டு என்ற பேச்சு வரும் என்று தெரியும். பரனூர் சுங்கச்சாவடி வழியாகப் போன நாட்களின் ஃபாஸ்டேக் பதிவை எடுத்து நோட்டோடு பொருத்தினோம். தேதியும் நேரமும் ஒத்துப்போயின. அது மின்னணுப் பதிவு என்பதால் அதே சட்டத்தின் 65-பி சான்றையும் இணைத்தேன். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றின் அவசியத்தை மறுபடி உறுதிசெய்த பிறகு, சிறிய வழக்கிலும் இதை விடக்கூடாது.

எதிர்தரப்பின் முதல் தடை வேறு திசையிலிருந்து வந்தது. டாக்சி வணிக வாகனம். ஆகவே இவர் நுகர்வோரே அல்ல. இந்தத் தடையை நான் வரவேற்றேன் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கான பதில் பழைய தீர்ப்பொன்றிலேயே இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழிற் கழகத்தை எதிர்த்து லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. வாழ்க்கைப்பாட்டுக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணமே காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கமும் அதையே சொல்கிறது. அந்தத் தடை ஒரே வாய்தாவில் விழுந்தது.

இரண்டாவது தடை கனமானது. 2006இல் மாருதி உத்யோக் – சுசில் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றுவதோடு உத்தரவாதப் பொறுப்பு முடிகிறது, வண்டியையே மாற்றித்தரச் சொல்ல முடியாது என்று தீர்த்தது. அதை எடுத்து வைத்து, “பதினோரு வருட வண்டி, கடலோரத்தில் நிற்கிறது, துருப்பிடித்தால் நாங்கள் என்ன செய்வது?” என்றார் எதிர்தரப்பு வழக்கறிஞர். நல்ல வழக்கறிஞர், கேள்வியும் நல்ல கேள்வி. என் பதில்: துருவுக்கு உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. பொருளில் குறைபாடு என்பது 2(10). நாங்கள் வந்திருப்பது 2(11), சேவையில் குறைபாடு. எந்தச் சோதனையும் செய்யாமல், எந்தச் சக்கரத்தின் செய்தி அறுகிறது என்று பார்க்காமல், இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தை மாற்றிப் பணம் வாங்கினீர்கள். வண்டிக்கு எத்தனை வயதானாலும் சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

சோதித்தார்களா இல்லையா என்பதை எப்படி நிறுவுவது? நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களில் நடக்கும். ஆனால் தேவைப்பட்டால் எழுத்து மூலம் கேள்விகள் கொடுத்துப் பதில் வாங்கலாம் என்று டாக்டர் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் 2002லேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. நான் கேட்ட கேள்விகள் சில. ஸ்கேனர் போட்டீர்களா? வந்த கோளாறு எண் என்ன? அச்சுப்பிரதி எங்கே? கழற்றிய பழைய மாட்யூல் எங்கே? ஸ்கேனர் போட்டோம், எண்ணை அழித்துவிட்டோம், பிரதி எடுக்கவில்லை, பழைய பாகம் அப்புறப்படுத்தப்பட்டது. இவை பதில்கள். ஜாப் கார்டில் “ஏ.பி.எஸ். லைட் – செக்” என்று மட்டும் எழுதியிருந்தது.

எண்ணை அழிப்பது பணிமனைகளில் சாதாரண வழக்கம். வாடிக்கையாளர் எதிரிலேயே விளக்கை அணைத்துக் காட்டலாமே. ஆனால் வந்து போகும் பழுதில் அந்த எண் ஒன்றுதான் சுவடு. குறிப்பிட்ட ஒரு சக்கரத்தின் சென்சார் சுற்றில் கோளாறு என்று அது சொல்லும். எந்தப் பாகம் என்று சொல்லாது. சென்சாரா, ஒயரா, கப்ளரா, பல் வளையமா என்பதைக் கையால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் எந்த மூலையில் தேட வேண்டும் என்று அது காட்டிவிடும். தம் வசம் இருந்த சாட்சியத்தைக் கொண்டுவராதவருக்கு எதிராக அனுமானம் கொள்ளலாம் என்ற, சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் (ஜி) எடுத்துக்காட்டை நான் இங்கே வைத்தேன். இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 119ஆம் பிரிவு.

இதற்கிடையில் திருக்கழுக்குன்றத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பழுதைக் கண்டுபிடித்திருந்தார். கட்சிக்காரரின் வீட்டில் இரவு தங்கி, விடியலில் வண்டியைக் கிளப்பச் சொல்லி, ஏ.பி.எஸ். வரை படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனர்கள் பல இன்ஜின் எண்களை மட்டுமே படிக்கும். அதை வைத்துக்கொண்டு “எந்தக் கோடும் இல்லை” என்று சொல்கிறவர்கள் உண்டு. “வலது முன் சக்கரம்ணே. ஒயரை மாத்தினா முடிஞ்சுது. இன்னிக்கே போட்டுடட்டுமா?” என்று ஓட்டுநரைக் கேட்டிருக்கிறார். ஓட்டுநர் எனக்குப் போன் செய்தார்.

சரிசெய்தால் சாட்சியம் போய்விடும். சரிசெய்யாவிட்டால் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏ.பி.எஸ். இல்லாமல் ஓட வேண்டும். மோட்டார் விபத்து வழக்குகளும் நடத்துகிறவன் என்ற முறையில் அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். விபத்து நடந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்ப்பார். காய்ந்த பகலில், நின்ற வண்டியில், பிரேக் மிதித்துப் பார்ப்பார். இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று அறிக்கை வரும். ஓட்டுநர்மீது அஜாக்கிரதை வழக்குப் பதிவாகும். விட்டுவிட்டு வரும் கோளாறு அந்த அறிக்கையில் ஏறவே ஏறாது; ஓட்டுநர் சொல்வதை யாரும் நம்பவும் மாட்டார்கள். வண்டியை நிறுத்துங்கள் என்றேன். அவர் நிறுத்தினார். ஆய்வு முடியும்வரை வேறொருவர் வண்டியைத் தினக்கூலிக்கு ஓட்டினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், மாட்யூலுக்கு வாங்கிய கடன் பாக்கி. அவர் கொடுத்த விலையை நான் இன்றும் சிறிதாக நினைக்கவில்லை.

வேறு வழியும் அவருக்குச் சொல்லப்பட்டது. எட்டு ஆண்டு கடந்த டாக்சிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். விளக்கு எரிந்தால் தொல்லை என்று, அந்த விளக்கின் ஒயரைப் பிடுங்கி ஆயில் விளக்கோடு சேர்த்துவிடச் சிலர் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்தால் சாவி போட்டதும் எரியும், இன்ஜின் கிளம்பியதும் அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். பழைய வண்டிச் சந்தையில் இது நடக்கிறது. அடுத்து வாங்குகிறவர் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் போவார், ஏ.பி.எஸ். இல்லை என்று தெரியாமலே. இவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே இந்த வழக்கைத் தோற்கக்கூடாது என்று நினைத்தேன்.

அவசரமாக இடைமனு போட்டேன். தொழில்நுட்ப நிபுணருடன் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க வேண்டும். ஆய்வு கடலோரத்தில், வண்டி இரவு முழுதும் வழக்கமாக நிற்கும் இடத்தில், சூரியன் வருமுன் நடக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கையைக் கேட்டதும் எதிர்தரப்பு எழுந்தது. நீதிமன்ற வளாகத்திலோ பணிமனையிலோ பகலில் பார்க்கலாமே, நிபுணருக்கு எங்கே பார்த்தால் என்ன? 

யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கச் சுகாதாரத் துறையினர் ஏன் இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிறார்கள் என்று ஆணையத் தலைவரிடம் கேட்டேன். அந்த நுண்புழு பகலில் ரத்தக்குழாய்களின் ஆழத்தில் ஒதுங்கி, இரவில் வெளியோட்டத்துக்கு வருகிறது. பகலில் எடுத்த ரத்தத்தில் புழு இல்லை என்றால் நோய் இல்லை என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார். தலைவர் சிறிது நேரம் நோட்டின் வட்டங்களைப் புரட்டினார். மனு அனுமதிக்கப்பட்டது.

ஒயரை உப்புக்காற்று அரித்தது என்பது வெறும் ஊகம் என்ற வாதத்துக்கும் ஊரே பதில் வைத்திருந்தது. கடற்கரைக் கோயிலின் கல்லைக் காக்கத் தொல்லியல் துறை சவுக்குத் தோப்பு வளர்த்திருக்கிறது. கல்லுக்குள் ஏறிய உப்பை, நனைத்த காகிதக் கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிறார்கள். பல்லவர் கல்லிலேயே ஏறும் உப்பு ஒரு செப்புக் கம்பியில் ஏறாதா? காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நாட்டுக்கே அரிமான வரைபடம் தயாரித்திருப்பதையும் மனுவில் குறிப்பிட்டேன்.

தை மாதப் பனியில், பொழுது விடியுமுன், கொக்கிலமேட்டில் எல்லோரும் கூடினோம். ஆணையர் ஓர் இளம் வழக்கறிஞர். நிபுணர் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிர்தரப்பு வழக்கறிஞரும் பணிமனை மேலாளரும் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார்கள். வண்டிக் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது.

நிபுணர் முதலில் பேட்டரி மின்னழுத்தம் பார்த்தார். தளர்ந்த பேட்டரியும் இந்த விளக்கை எரிய வைக்கும். பிரேக் ஆயில் மட்டம் பார்த்தார். நான்கு டயர்களின் அளவைக் குறித்துக்கொண்டார். பின்னிரண்டும் முன்னிரண்டும் வேறு வேறு அளவு. சக்கர வேகத்தை ஒப்பிடும் ஏற்பாட்டை இதுவும் குழப்பலாம், இந்த வண்டியில் காரணம் இதுவல்ல என்றாலும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அறிக்கையிலும் எழுதினார். பிறகு ஸ்கேனரை மாட்டி, நான்கு சக்கர வேகமும் திரையில் ஓடும்படி வைத்து, தெருவில் மெதுவாக ஓட்டச் சொன்னார். மூன்று எண்கள் சேர்ந்து ஏறின. வலது முன் சக்கரத்தின் எண் ஏறியது, சுழியத்துக்கு விழுந்தது, மறுபடி ஏறியது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பியபோது விழுந்தே கிடந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. நினைவில் சி-0040 என்ற எண் பதிந்தது: வலது முன் சக்கர வேக சென்சார் சுற்று.

சக்கரத்தைக் கழற்றினார்கள். ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. ஒயர் வீல் ஆர்ச்சில் உரசி மேலுறை வெடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பல இழைகள் அறுந்து, மிச்சமிருந்த சில இழைகளில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கப்ளரில் மல்டிமீட்டர் வைத்தபோது சென்சார் ஏறத்தாழ 1 கிலோ ஓம் காட்டியது. அது நல்ல நிலை. ஒயரை லேசாக வளைத்தபோது இணைப்பே இல்லை என்று காட்டியது. ஈரத்தில் ஒயருக்கும் பாடிக்கும் இடையே கசிவு இருந்தது. ஹேர் டிரையரால் காயவைத்த பிறகு கசிவு மறைந்தது. இன்ஜினை அணைத்துக் கிளப்பி நேர்சாலையில் ஓட்டினார்கள், விளக்கு வரவில்லை. மேலாளர் குனிந்து ஒவ்வொன்றையும் தானே பார்த்தார். நேர்மையான மனிதர். “இதை நாங்க பார்த்திருக்கணும்” என்று தன் வழக்கறிஞரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதை நான் வாதத்தில் பயன்படுத்தவில்லை, தேவையும் படவில்லை.

எலக்ட்ரீஷியனையும் சாட்சியாக வைத்தேன். பட்டயம் இல்லாதவர் நிபுணரா என்ற கேள்வி வந்தது. சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கேட்டது தனித்திறன். சான்றிதழை அது கேட்கவில்லை. தங்கத்தின் தரம் பற்றிப் பொற்கொல்லர் சொன்னதை நிபுணர் கருத்தாக ஏற்ற பழைய தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். ஆணையம் அவர் வாக்குமூலத்தை நிபுணர் அறிக்கைக்குத் துணையாக ஏற்றுக்கொண்டது. ஒரு பெரிய பணிமனை செய்யாததை, விடியும்வரை காத்திருந்து செய்தவர் அவர். உத்தரவில் அவர் பெயர் இருப்பது எனக்குப் பெரிய திருப்தி.

சேவைக் குறைபாடு நிறுவப்பட்டது என்று உத்தரவு வந்தது. மாட்யூலுக்கும் லேபருக்கும் வாங்கிய தொகையை வட்டியோடு திருப்பித்தர வேண்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பில் நான் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தார்கள். வேறு வண்டி ஓட்டிக் கூலி வாங்கியதைக் கழித்துவிட்டார்கள். அது சரியான கணக்குதான் என்று நினைக்கிறேன், கட்சிக்காரருக்கு அதில் வருத்தம் இருந்தாலும். புது ஒயருக்கு நாங்கள் பணம் கேட்கவில்லை. அது சில ஆயிரத்துக்குள் அடங்கும் வேலை, வண்டிக்காரர் செய்ய வேண்டியது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கோளாறு எண்களின் அச்சுப்பிரதியை ஜாப் கார்டோடு கொடுப்பதையும், எண்ணை அழிக்குமுன் வாடிக்கையாளரிடம் காட்டுவதையும் வழக்கமாக்கும்படி அந்தப் பணிமனைக்கு உத்தரவிடக் கேட்டிருந்தேன். அது பொதுவான விஷயம், இந்தப் புகாரின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஆணையம் மறுத்தது. இன்றும் எனக்கு இதில் உடன்பாடில்லை. மருத்துவமனை ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் தருகிறது. பிரேக் சம்பந்தப்பட்ட அறிக்கையைப் பணிமனை ஏன் தரக்கூடாது? இப்போது இப்படிப்பட்ட பழுதோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, விளக்கு எரியும்போது கைப்பேசியில் படம் எடுங்கள், நேரமும் இடமும் எழுதுங்கள், எண்ணைக் குறித்துத் தராமல் அழிக்க விடாதீர்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். ஐந்து லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் கிடைத்த இந்த இரண்டாவது வசதி பலருக்கு இன்னும் தெரியவில்லை.

மாநில ஆணையத்தில் மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு. உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். எதிர்தரப்பு போகவில்லை, பணமும் தரவில்லை. அதே சட்டத்தின் 71, 72 பிரிவுகளின்கீழ் மனுப்போடப் போவதாக அறிவிப்பு அனுப்பினேன். இரண்டாவது பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அடுத்த வாய்தாவுக்குள் வரைவோலை வந்தது. கட்சிக்காரர் அதில் முதலில் கடனை அடைத்தார். மீதியில், நிபுணர் அறிக்கையில் எழுதியிருந்தபடி, ஒரே அளவில் நான்கு டயர் வாங்கிப் போட்டார்.